லோவெலில் கட்டடத்தை விட்டுவிட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்

அன்புள்ள அம்மணிக்கு,

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பழைய துணிமில் ஊரான லோவெலில் பழைய செங்கல் கட்டடங்களும் நடுவே தேங்கின கால்வாய்களும் தவிர வேறொன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அந்தக் கால்வாய்த் தண்ணீர் தேங்கினது இல்லை, மெதுவாக ஓடும்படி கணக்குப் போட்டு விட்டது. ஊரே அந்தக் கணக்கின் மேல்தான் எழுந்திருக்கிறது. எந்த மட்டத்தில், வினாடிக்கு எத்தனை கனஅடி, யாருக்கு என்ற கேள்விதான் அந்த ஊரின் சரித்திரம். தலைமடை, கடைமடைச் சண்டை பார்த்து வளர்ந்த நமக்கு இது சுலபமாகப் புரியும்.

மெரிமாக் ஆறு நியூ ஹாம்ப்ஷயர் மலைகளில் இருந்து இறங்கி வந்து, இந்த இடத்தில் ஒரு மைலுக்குள் 32 அடி விழுகிறது. பாட்டக்கெட் அருவி என்று பேர். நம் குற்றாலம் மாதிரி நெட்டுக்குத்தாகக் கொட்டாது. பாறைமேல் படிப்படியாக உருண்டு வரும். வசந்த காலத்தில் கடலில் இருந்து சால்மன், ஷாட் மீன்கள் கூட்டமாக ஏறி வரும். அதைப் பிடிக்க அந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான பென்னக்குக் குடிகள் ஆண்டுதோறும் அங்கே கூடுவார்கள். ஆங்கிலேயர் 1655-இல் பக்கத்தில் செம்ஸ்ஃபோர்டு ஊரை அமைத்தார்கள். பாதிரியார் ஜான் எலியட், கிறிஸ்தவம் தழுவிய பூர்வகுடிகளுக்காக அருவி அருகே வாமெசிட் என்ற கிராமத்தை ஏற்படுத்தினார். குடியேறிய ஆங்கிலேயருக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த 1675-76 போரில் அந்தக் குடிகள் சண்டையில் சேராமல் ஒதுங்கி நின்றும் அடிபட்டார்கள். தலைவர் வன்னலான்செட்டின் ஆட்கள் வடக்கே போய்விட, 1686-இல் நிலம் வெள்ளைக்காரர் கைக்கு மாறியது. பிற்பாடு ஆற்றின் குறுக்கே அணைகள் வந்தபோது மீனும் நின்றுபோனது.

அடுத்த நூறு வருஷம் அது விவசாய ஊர். அருவி உபத்திரவம்தான், மேலே வெட்டின மரத்தைக் கட்டி மிதக்கவிட்டால் பாறையில் மோதிச் சிதறும். அதற்காக 1792-இல் ஒரு கம்பெனி பதிவு செய்து, அருவியைச் சுற்றி ஒன்றரை மைல் நீளத்துக்குப் பாட்டக்கெட் கால்வாயை வெட்டி 1796-இல் திறந்தார்கள். ஆனால் 1803-இல் மிடில்செக்ஸ் கால்வாய் முடிந்ததும் மரமெல்லாம் நேராக பாஸ்டனுக்கே போக, இந்தக் கால்வாய்க்கு வருமானம் படுத்துவிட்டது. இது நடக்காமல் இருந்திருந்தால் பின்னால் வந்த மில்காரர்களுக்கு அந்தப் பங்குகள் அவ்வளவு சல்லிசாகக் கிடைத்திருக்காது.

ஊருக்குப் பேர் கொடுத்த பிரான்சிஸ் கேபட் லோவெல் அந்த ஊரைப் பார்க்கவே இல்லை. 1810 முதல் 1812 வரை பிரிட்டனில் இருந்து விசைத்தறிகளைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு வந்தார். பால் மூடி என்ற கைதேர்ந்த மெக்கானிக்கை வைத்து பாஸ்டன் அருகே வால்தமில் தறியைச் செய்தார். பஞ்சு ஒரு வாசலில் நுழைந்து துணியாக மறு வாசலில் வெளியேறும் மில் அங்கே 1814-இல் ஓடத் தொடங்கியது. அவர் செய்த இன்னொரு வேலை நமக்குச் சம்பந்தப்பட்டது. 1816-இல் அமெரிக்கா போட்ட இறக்குமதி வரியில், பருத்தித் துணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் கஜம் 25 சென்ட் என்று வைத்தே வரி கணக்கிட வேண்டும் என்ற விதி நுழைந்தது. அதற்காக வாஷிங்டனில் ஆட்களைப் பிடித்தவர்களில் லோவெல் முக்கியமானவர். வரி 25 சதவீதம்; ஆக கஜத்துக்கு ஆறேகால் சென்ட். விலை கூடின ஆங்கிலத் துணிக்கு அது சாதாரண வரி. இந்தியாவில் இருந்து, பெரும்பாலும் வங்காளத்தில் இருந்து, போய்க்கொண்டிருந்த முரட்டுக் கைத்தறித் துணிக்கு அது கழுத்தில் கத்தி. இந்த வரி இல்லாமல் அமெரிக்க மில்கள் தங்கள் திறமையால் மட்டும் ஜெயித்தன என்று யாராவது சொன்னால் நம்பாதே.

1817-இல் அவர் இறந்தார். வால்தமில் சார்லஸ் ஆறு தந்த பத்து அடிச் சொச்ச வீழ்ச்சி போதவில்லை. கூட்டாளிகளான நேதன் ஆப்பிள்டனும் பேட்ரிக் டிரேசி ஜாக்சனும் 1821-இல் சத்தம் காட்டாமல் பாட்டக்கெட் ஓரப் பண்ணைகளையும் பழைய கால்வாய்க் கம்பெனியின் பங்குகளையும் வாங்கினார்கள். 1822-இல் ஹ்யூ கம்மிஸ்கி என்ற மேஸ்திரியோடு முப்பது ஐரிஷ்காரர்கள் சார்ல்ஸ்டவுனில் இருந்து நடந்தே வந்து கால்வாயை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வீடு யாரும் கட்டித் தரவில்லை. குடிசை போட்டுக்கொண்ட இடம்தான் இன்று நீ பார்க்கும் ஏக்கர் பகுதி. 1823-இல் மெரிமாக் மில்லின் சக்கரம் சுற்றியது. 1826-இல் லோவெல் தனி ஊரானது, 1836-இல் நகரமானது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். அணைக்கு மேலே இருந்து கீழே ஆறு வரை கால்வாய் வழியாகப் பயன்படுத்தக்கூடிய வீழ்ச்சி 30 அடி. மெரிமாக் கம்பெனி மட்டும் முழு 30 அடியையும் ஒரே தாவலில் எடுத்துக்கொண்டது. மற்றவர்களுக்கு அது இரண்டு படியாகப் பிரிக்கப்பட்டது: ஸ்வாம்ப் லாக்ஸ் என்ற இடத்தில் 13 அடி, அதற்குக் கீழே 17 அடி. மேல்படியில் ஒரு மில் குடித்துவிட்ட தண்ணீரையே கீழ்ப்படியில் இன்னொரு மில் குடிக்கும். ஆக, மேல்மட்டத்து மில் நின்றால் கீழ்மட்டத்துக் கால்வாயில் தண்ணீர் குறையும். அதைச் சரிக்கட்ட மதகைத் திறந்து வீணாக விழவிட வேண்டும். இந்த ஒத்திசைவுக்காகவே எல்லா மில்லும் ஒரே மணிக்கு ஓடி ஒரே மணிக்கு நின்றாக வேண்டும். ஊர் முழுக்க மணியடித்து ஆட்களை எழுப்பினதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

தண்ணீரை விற்க ஓர் அலகு வேண்டுமே? வால்தமில் இருந்த இரண்டாவது மில்லை அளவாக எடுத்தார்கள். அதில் நூல் முறுக்கும் 3,584 கதிர்கள் (ஸ்பிண்டில்), அதற்குச் சேர்ந்த, பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங், தறி எல்லாம் ஓட என்ன தண்ணீர் வேண்டுமோ அது ஒரு ‘மில் பவர்’. 30 அடி வீழ்ச்சியில் வினாடிக்கு 25 கனஅடி. வீழ்ச்சி குறைந்தால் தண்ணீரைக் கூட்ட வேண்டும்: 17 அடிக்கு 45.5 கனஅடி, 13 அடிக்கு 60.5 கனஅடி. நீயே பெருக்கிப் பார். 25 கனஅடி, கனஅடிக்கு 62.4 பவுண்டு, 30 அடி, ஒரு குதிரைத்திறனுக்கு உரிய 550-ஆல் வகுத்தால் 85 குதிரைத்திறன் (ஹெச்.பி.) வரும். மரச்சக்கரத்தில் இழப்பு போகச் சக்கரத் தண்டில் கையில் நிற்பது அறுபதுக்குச் சற்று மேல். கதிர் ஒன்றுக்கு 4 டாலர் வீதம், ஒரு மில் பவர் 14,336 டாலருக்கு நிலத்தோடு விற்கப்பட்டது. கூடவே ஆண்டு வாடகை 300 டாலர். இப்படி நிரந்தரமாக விற்றவை 139-க்குச் சற்று மேல். ஆற்றில் அதற்குமேல் வந்தால் உபரி, அதற்குத் தனி விலை. விற்றது பழைய கால்வாய்க் கம்பெனியேதான். இப்போது அது மில்காரர்களின் கைக்குள்.

கம்பெனிகள் ஒதுக்கீட்டுக்கு மேல் இழுத்தன. இழுக்கத்தான் செய்யும், எந்த வாய்க்காலில் நடக்கவில்லை? இங்கேதான் ஜேம்ஸ் பி. பிரான்சிஸ் வருகிறார். 1815-இல் இங்கிலாந்தில் பிறந்து 18 வயதில் அமெரிக்கா போன ஆள். 1837-இல் கால்வாய்க் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். தண்ணீரை அளக்க அவர் செய்த வழி எளிது, ஆனால் பொறுமை கேட்பது. மில்லுக்குள் நுழையும் கால்வாயில், அடியும் பக்கமும் பலகை பாவிய நேரான தொட்டி. அடியில் ஈயம் வைத்த தகரக் குழாயை அதில் விட்டால், தரையைத் தொடாமல் நட்டுக்குத்தலாக மிதந்து போகும். மேலே வேகமும் அடியில் மந்தமும் கலந்த சராசரி வேகம் அதில் கிடைக்கும். இரண்டு கோடுகளுக்கு இடையே எத்தனை வினாடி என்று கடிகாரத்தில் பிடித்து, ஓரத்திலும் நடுவிலும் மாற்றி மாற்றி விட்டு, குறுக்குப் பரப்பால் பெருக்க வேண்டும். வெறும் மேல்மிதவையை நம்பினால் நிஜத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்.

கலிங்கு போன்ற தடுப்பின் மேல் வழியும் நீருக்கு அவர் கண்ட சூத்திரம் நீ படித்ததுதான்: 3.33 பெருக்கல் நீளம் பெருக்கல் நீருயரத்தின் ஒன்றரை அடுக்கு. இரண்டு ஓரத்திலும் நீர் சுருங்குவதால் நீளத்தில் நீருயரத்தின் பத்தில் இரண்டு பங்கைக் கழிக்க வேண்டும். 10 அடித் தடுப்பில் 1 அடி வழிந்தால் வினாடிக்கு 32.6 கனஅடி. ஆக, முழு வீழ்ச்சியில் ஒரு மில் பவருக்கு மேல். நீருயரத்தைத் தடுப்பின் முகட்டில் வைத்து அளக்காதே. அங்கே நீர் ஏற்கனவே வளைந்து இறங்கியிருக்கும். சில அடி மேலே தள்ளி, சலனம் இல்லாத இடத்தில் அளக்க வேண்டும். லோவெலில் செய்த இந்தச் சோதனைகளை அவர் 1855-இல் வெளியிட்டார். அளக்க வந்தவன் கம்பெனியின் ஆள், அளக்கப்பட்டவனும் பங்குதாரன் என்பதால் எண்ணில் யாரும் குறை சொல்ல முடியாதபடி இருக்க வேண்டியிருந்தது. அத்தனை துல்லியம் அதனால்தான்.

சக்கரத்திலும் கோளாறு இருந்தது. மில்லின் அடித்தளத்தில் இருந்தது ராட்சச மரச்சக்கரம். மெரிமாக்கில் 30 அடி விட்டம். வாளிகளில் தண்ணீர் நிரம்பி எடையால் இறங்கும். பனி உருகி ஆறு பெருகும்போது மேலே தண்ணீர் ஏராளமாக இருக்கும், ஆனால் கழிவுநீர் போகும் கீழ்மட்டமும் ஏறிவிடும். சக்கரத்தின் அடி தண்ணீரில் முழுகும். முழுகின பகுதி தண்ணீரைத் தள்ள வேண்டியிருப்பதால் சக்கரம் தடுமாறும், சில சமயம் மில்லே நிற்கும். தண்ணீர் இல்லாமல் நின்ற மில்லை நமக்குத் தெரியும். தண்ணீர் கூடி நின்றது அங்கே. யூரியா பாய்டன் 1844-இல் ஆப்பிள்டன் மில்லுக்குச் செய்த டர்பைன் இதற்குத் தீர்வு. அது முழுகியே சுற்றும். வீழ்ச்சி குறைந்த அளவுக்குத் திறன் குறையுமே தவிர தவிக்காது. பிரான்சிஸ் அதைச் சோதித்து, பிறகு தண்ணீர் வெளியில் இருந்து உள்ளே பாயும் வகையைச் செம்மைப்படுத்தினார். இன்று உலகத்து நீர்மின் நிலையங்களில் அதிகம் சுழல்வது அவர் பேரிலுள்ள டர்பைன்தான்.

1840-களில் மில்கள் கூடினபோது இன்னொரு தொல்லை தெரிந்தது. பழைய கால்வாயில் தண்ணீர் மிக வேகமாக ஓடியது. வேகம் கூடினால் உராய்வில் மட்டம் இறங்கும். கடைமடை மில்லுக்கு வரும்போது 30 அடி 30 அடியாக இருக்காது. 1847-48-இல் வெட்டிய வடக்குக் கால்வாய் இதற்காகத்தான். 100 அடி அகலம், ஆற்றோடு ஒட்டிக் கருங்கல் சுவர். புதிதாக ஆற்றை உண்டாக்க முடியாது, ஆனால் இரண்டு வழியில் பிரித்துவிட்டால் இரண்டிலும் வேகம் குறைந்து மட்டம் நிற்கும். அது வந்த பிறகு மேற்குக் கால்வாயின் ஒரு பகுதியில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியது. உனக்குத் தேங்கினதாகத் தோன்றினது அந்த வேகக் குறைவுதான்.

கோடைக்கு என்ன செய்வது? லோவெல், லாரன்ஸ் இரண்டு ஊர்க் கம்பெனிகளும் சேர்ந்து 1840-களில் நியூ ஹாம்ப்ஷயரின் வினிப்பசாக்கி உள்ளிட்ட ஏரிகளின் வாய்மதகு உரிமைகளை வாங்கின. வசந்தத்தில் தேக்கி, வறண்ட மாதத்தில் விட்டன. அணையும் ஏரியும் வேறு மாநிலம், லாபம் வேறு மாநிலம். ஏரிக்கரை விவசாயியின் புல்வெளி முழுகியது. கீழே இருந்த சின்ன மில்காரனுக்கு வேண்டியபோது தண்ணீர் இல்லை. 1859-இல் ஒரு கூட்டம் கோடாரியும் கடப்பாரையுமாக லேக் வில்லேஜ் அணையை உடைக்கப் போனது. பெரிய சேதம் இல்லை, வழக்கோடு முடிந்தது. காவிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கட்டாயம் பார்க்க வேண்டியது பாட்டக்கெட் கால்வாயின் தலைமதகில் தொங்கும் பெரிய மரக்கதவு. 1785-இல் வந்த வெள்ளத்தின் அளவைத் தேடி எடுத்த பிரான்சிஸ், அதே அளவு மறுபடி வந்தால் பழைய மதகு தாங்காது, ஆறு முழுசும் கால்வாய் வழியாக ஊருக்குள் இறங்கும் என்று கண்டார். 1850-இல் ஏறக்குறைய 25 அடி உயரத்தில் கனமான உத்தரங்களால் கதவு செய்து, இரும்புப் பட்டையில் தொங்கவிட்டார். ஏற்றி இறக்கும் யந்திரம் கிடையாது. வேண்டியபோது பட்டையை வெட்டினால் விழும். பிரான்சிஸின் பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரித்தது. 1852 ஏப்ரலில் வெள்ளம் வந்தது, உளியால் பட்டையை வெட்டினார்கள், ஊர் தப்பியது. 1936-இல் மறுபடி. 2006 வெள்ளத்தில் கதவை விடாமல் எஃகுத் தடுப்புகளை அடுக்கிச் சமாளித்தார்கள்.

மில்லுக்குள் அடுக்கு இப்படி: அடியில் சக்கரம், அதிர்வு கூடின கார்டிங் கீழ்த்தளம், அதற்கு மேல் ஸ்பின்னிங், அதற்கு மேல் தறி. விசையை மேலே ஏற்ற இங்கிலாந்தில் இரும்புத் தண்டும் பல்சக்கரமும். ஒரு பல் போனால் தளமே நிற்கும். 1828-இல் ஆப்பிள்டன் மில்லில் பால் மூடி தோல் பெல்ட்டுக்கு மாறினார். பெல்ட் தளரும், வழுக்கும், அடிக்கடி வெட்டித் தைக்க வேண்டும். ஆனால் சத்தம் குறைவு, ஊரிலேயே செய்யலாம், வேகமும் கூட்டலாம். வேகம் கூடினதன் பலன் தறிமுன் நின்றவர்களுக்கு.

நின்றவர்கள் முதலில் நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மெய்ன் பண்ணைகளின் பெண்கள். கம்பெனி விடுதி, இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு, கையில் ரொக்கம். வாரம் சராசரி 73 மணி நேரம். பாவு அறாமல் இருக்க ஈரம் வேண்டும் என்று ஜன்னலை அடைத்து நீராவி விடுவார்கள். பாவுக்குக் குறுக்கே ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவின் கண்ணில் அந்த நூலை வாயால் உறிஞ்சி இழுப்பார்கள். ஒரே நாடா பல வாய்களுக்குப் போகும், காசநோயும் கூடவே. மாசசூசெட்ஸ் அதைத் தடை செய்ய 1911 ஆனது. 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்தும், 1836-இல் விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்தும் வேலையை விட்டு வெளியேறினார்கள். 1845-இல் மில் தொழிலாளியான சாரா பேக்லி தலைமையில் பத்து மணி நேர வேலைக்கு மனுக் கொடுத்தார்கள். சட்டசபைக் குழு விசாரித்து, கை விரித்தது. சட்டம் 1874-இல்தான் வந்தது.

பஞ்சு யாருடையது என்பதையும் சேர்த்துப் பார். அடிமைகள் தென்மாநிலங்களில் எடுத்த பஞ்சு இங்கே முரட்டுத் துணியாகி, அதில் ஒரு பங்கு அவர்களுக்கே உடையாகத் திரும்பிப் போனது. ‘சாட்டையின் பிரபுக்களும் தறியின் பிரபுக்களும்’ என்று அடிமைமுறையை எதிர்த்த அரசியல்வாதி சார்லஸ் சம்னர் 1848-இல் சொன்னது இந்தக் கூட்டைத்தான். உள்நாட்டுப் போர் வந்ததும் பல கம்பெனிகள் கையிருப்புப் பஞ்சை ஏறின விலைக்கு விற்றுவிட்டு மில்லை மூடின, ஆட்கள் கலைந்தார்கள். அதே பஞ்சுப் பஞ்சத்தில்தான் இந்தியப் பருத்திக்குத் திடீர் விலை வந்தது. அதற்கு இருபது வருஷம் முன்பே கிழக்கிந்தியக் கம்பெனி அமெரிக்கத் தோட்டக்காரர்களைக் கூட்டி வந்து, ராபர்ட் வைட் மேற்பார்வையில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி போட்டுப் பார்த்தது தனிக்கதை.

பிறகு பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர், போலந்துக்காரர், போர்ச்சுகீசியர் என்று ஆட்கள் மாறினார்கள். தண்ணீரின் இடத்துக்கு நீராவி வந்ததும் அருவி ஓரத்தில் இருப்பதன் அனுகூலம் போனது. நிலக்கரி கப்பலில் இறங்கும் ஃபால் ரிவர் என்ற மில் ஊர் முந்தியது. 1890-களில் ஹோப்டேலில் நார்த்ராப் தறி வந்தது. நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் தானே மாற்றிக்கொள்ளும், ஓர் ஆள் இரண்டு மூன்று மடங்கு தறி பார்க்கலாம். அதைத் தெற்கு மில்கள் அள்ளிக்கொண்டன. லோவெல் முதலாளிகள் பழைய தறியிலேயே லாபப் பங்கை உருவிக்கொண்டிருந்தார்கள். தொழிற்சங்கமும் கூலியும்தான் ஊரைக் கெடுத்தது என்பார்கள். யந்திரத் தேய்மானத்துக்கு ஒதுக்காமல் பங்கு பிரித்ததை அவர்கள் சொல்வதில்லை. 1920 கணக்கெடுப்பில் 1,12,759 பேர் இருந்த ஊரில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய மில்கள் வரிசையாக விழுந்தன. கடைசிவரை ஓடிய பூட், மெரிமாக் இரண்டும் 1950-களில் மூடின. முதல் மில்லான மெரிமாக்கை இடித்தே விட்டார்கள்.

1978-இல் ஊர் மையம் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. வாங் கம்ப்யூட்டர் கம்பெனி வந்து 1992-இல் திவாலானது. சுமார் 6 கோடி டாலரில் எழுந்த அதன் கோபுரங்கள் 1994-இல் 5,25,000 டாலருக்கு ஏலம் போயின. 1980-களில் இருந்து கம்போடிய அகதிகள் வந்து குடியேறினார்கள். நம் பக்கம் 1900-களின் தொடக்கத்தில் வந்த கம்போடியா பருத்திதான் கோயம்புத்தூர் மில்களைத் தூக்கி விட்டது. மில் செத்த ஊருக்கு கம்போடியாக்காரர்கள் உயிர் கொடுத்திருக்கிறார்கள், பார்.

அருவியைப் பார்க்க ஏப்ரலில் போ. ஆகஸ்டில் தண்ணீரை வடக்குக் கால்வாய் மின்நிலையம் எடுத்துக்கொள்வதால் பாறை வறண்டு கிடக்கும். பூட் மில் மியூசியத்தில் 88 டிரேப்பர் தறிகள் கொண்ட அறை உண்டு; ஓட்டுவது அதில் சிலவற்றை மட்டும். அதற்கே காதடைப்பு தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதே. அங்கே நாடா திரும்பும் முனையில் தோல் பட்டை எங்கே தேய்ந்திருக்கிறது என்று கவனித்து எழுது.

அன்புடன்,
அப்பா